இரண்டாவது பத்து மாதம்

மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்கள் நான்கு.
ஒவ்வொன்றிலும் எறும்பு குடிக்கும் அளவு இரத்தம்.
சுழல் இயந்திரத்தில் வைத்து மூடுகிறேன்.
ஐந்து நிமிடம்.
அதற்குள் என் மாத்தே தேநீர் ஆறிவிடும்,
ஜெனரேட்டர் ஒருமுறை இருமும்,
ஜன்னலுக்கு வெளியே பராப்பெட்டி ஆறு
தண்ணீரைவிட மணலையே அதிகம் சுமந்து போகும்.

எவெர் பிறந்து மூன்று நாள்.
குதிகாலில் ஒரே குத்து, இரண்டு காரியம்.
அட்டையின் வட்டங்களில் விட்ட சொட்டுகள் தைராய்டுக்கு.
சாந்தா குரூஸ் பேருந்தில்
கோழிக்கூடைக்கும் டிரைவரின் சட்டைக்கும் நடுவே
அவை உறையில் பயணம் போகும்.
கழுத்துச் சுரப்பி வேலைக்கு வந்துவிட்டதா என்று
நகரத்தில் யாரோ வருகைப்பதிவு எடுப்பார்கள்.
குழாய்கள் எனக்கு.

சிவப்புக்கும் வெளிறிய மஞ்சளுக்கும் நடுவே
ஒரு வெள்ளைக் கோடு படியும்.
அந்த வரப்பில்தான் தேட வேண்டும்.
இருந்தால், அயிரைக் குஞ்சு சேற்றில் நெளிவதுபோல் நெளியும்.
முதலில் தெரிவது அது அல்ல,
அது இடித்துத் தள்ளும் அணுக்கள்.

படிவத்தில் பதினேழாம் கேள்வி:
கடத்தல் வகை. செங்குத்து, அல்லது பிற.
செங்குத்து என்றால் மேலிருந்து கீழே.
மழை. அருவி. இற்று விழும் கூரை.
தாயை யார் மேலே கொண்டுபோய் வைத்தது?
நெலிடா யாந்துரா இரும்புக் கட்டிலில்
ஒருக்களித்துக் கிடந்தாள்,
பிள்ளையின் உயரத்தில்.

அவளுக்கு அது சுவரிலிருந்து வந்தது.
மண் வெடிப்பில் பகலெல்லாம் பதுங்கி
இரவில் தூங்குபவர் முகம் தேடும் வின்சூகாப் பூச்சி.
கடித்தால் வலிக்காது.
எட்டு வயதில் ஒரு கண் வீங்கியது.
பள்ளிக்கூடப் படத்தில் அவள் மட்டும்
ஒன்றரைக் கண்ணால் சிரிக்கிறாள்.
பிறகு இருபது வருடம் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள் என்று
டாக்டர் ஓசினாகா மாணவர்களிடம் சொல்வார்.
சொல்லிவிட்டுத் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பார்.
அவரும் இந்த ஊர்தான்.

எதுவும் நெளியவில்லை.
போய்ச் சொன்னேன்.
அவள் துணி மடிக்கத் தொடங்கினாள்.

இரு, இன்னும் முடியவில்லை.
என் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம்.
எதிர்ப்பொருளை அளக்கும் சோதனை ஒன்று உண்டு.
ஆனால் இப்போது அளந்தால் கிடைப்பதெல்லாம் உன்னுடையது.
உன் உடம்பு வடித்த ஆயுதங்களை
எதிரி போனானோ இல்லையோ
மூட்டை கட்டி அவனோடு அனுப்பிவிட்டாய்.
அவை கரைய வேண்டும்.
உன்னுடையது அவனுக்குள் தீர்ந்த பிறகுதான்
அவனுடையது எதுவென்று தெரியும்.
பத்து மாதம் ஆகும்.

மறுபடியுமா, என்றாள்.

பதிவேட்டில் பாதிப் பெயர்களுக்கு எதிரே
'வரவில்லை' என்றிருக்கிறது, என் கையெழுத்தில்.
வெள்ளத்தில் பாலம் போனது.
அர்ஜென்டினாவில் வெங்காயம் பறிக்கப் போனார்கள்.
கணவனுக்குத் தெரிந்துவிட்டது.
எதையும் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.

ஜூன். தெற்கிலிருந்து சூர் காற்று.
மோட்டார் சைக்கிளில் குளிர்பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன்.
வீட்டுச் சுவர் புதிதாகப் பூசியிருந்தது,
வெடிப்பே இல்லை,
கதவில் பூட்டு.
கரும்பு வெட்டும் கூட்டம் ஏறுகிற இடத்தில்
லாரியின் பின்படியில் அவள்,
மடியில் கம்பளிக்குள் இரண்டு பல்லோடு எவெர்.

அந்தப் படியிலேயே எடுத்தேன்.
கத்தவில்லை. என் கையுறையைக் கடித்தான்.
தலையில் இரண்டு சுழி, பார், என்றாள்,
அதுவும் நான் கொடுத்ததுதான்,
உன் தாளில் எழுது.
இருந்தால் மருந்து அறுபது நாள், என்றேன்,
இந்த வயதில் நன்றாகக் கேட்கும்.
டிரைவர் ஹாரன் அடித்தான்.

குழாயில் எண் ஒட்டினேன். பெயர் ஒட்டக் கூடாது.
லாரி நகர்ந்த பிறகுதான் உறைத்தது,
முடிவை எங்கே சொல்வதென்று கேட்கவில்லை.
ஓடினேன்.
புழுதிக்குள்ளிருந்து ஒரு தொலைபேசி எண்ணைக் கத்தினாள்.
எட்டில் ஆறு காதில் விழுந்தது.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
கடைசியில் இரண்டு இடம் விட்டு.